பட்டறைக் கேள்வி பதில்: துப்பாக்கிக் கட்டையில் மரை சரியில்லாதபோது

துப்பாக்கிக் கட்டையின், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதியின், மரைகளை (ஸ்க்ரூ ஏறிப் பிடிக்கும் சுருள் பள்ளங்களை)ப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் சிலர் எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில் அளிக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றக் கேள்விகளுக்கு வேண்டிய அடிப்படையும் அதற்குள்ளேயே இருப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகளுக்காகப் பயிற்சி செய்து வருகிறாள். அவளுக்காக வாங்கிய பழைய ரைபிளில், தோளில் பதியும் பட் பிளேட்டை மேலும் கீழும் நகர்த்தி நிறுத்துகிற அலுமினியக் கட்டி உடைந்திருந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அதே அளவில் புதிதாகச் செய்து வாங்கினோம். அதில் 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கான மரைத்துளைகள் இரண்டு உள்ளன. ஒன்றில் ஸ்க்ரூ இரண்டு மூன்று சுற்று சென்றதும் இறுகி நின்றுவிடுகிறது. மற்றொன்றில் கடைசிவரை செல்கிறது. ஆனால் இறுக்கினால் பிடிப்பில்லாமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. திருப்பி அனுப்பினால் நெடுநாள் காத்திருக்க வேண்டும். வீட்டில் பெஞ்ச் வைஸும் கை ட்ரில்லும் மரை வெட்டும் டேப் செட்டும் இருக்கின்றன. இரண்டு துளைகளையும் பெரிதாக்கி 8 மில்லிமீட்டர் மரை போட்டுவிடலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். அலுமினியத்தைச் சீவி எடுக்கக் கால் மணி நேரம் போதும். சீவி எடுத்ததைத் திரும்ப வைக்க எந்தப் பட்டறையிலும் வழியில்லை. துளையை 8 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோனால் அதைச் சுற்றியிருக்கும் சுவர் இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் மெலிந்துவிடும். அதோடு, புதிய ஸ்க்ரூ பட் பிளேட்டில் உள்ள நீள்துளைக்குள் நுழையாது என்பதால் நல்ல நிலையில் இருக்கும் பட் பிளேட்டையும் நீங்கள் ராவ வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தைக் கவனமாகப் படித்தால், இரண்டு துளைகளுக்கும் உள்ள குறை ஒன்றல்ல என்பது தெரிகிறது. இறுகி நிற்கும் துளையில் பெரும்பாலும் உலோகம் மிச்சமாக இருக்கிறது. சுழலும் துளையில் உலோகம் போதவில்லை. ஆகவே முதலாவதைச் சீர்செய்வது எளிது. இரண்டாவதற்குத்தான் யோசனை தேவை.

வேலையைத் தொடங்குமுன் ரைபிளில் பெல்லட் இல்லை என்பதையும், அது இழுத்து வைக்கப்பட்ட நிலையில் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். காற்று உருளை உள்ள ரைபிளாக இருந்தால் அந்த உருளையைக் கையேட்டில் சொல்லியபடி கழற்றித் தனியே வையுங்கள். அலுமினியக் கட்டியைத் துப்பாக்கியிலிருந்து முழுமையாகக் கழற்றிய பிறகுதான் வைஸில் பிடிக்க வேண்டும். கட்டையோடு சேர்த்து வைஸில் கொடுத்து மரை போட முயன்றால் டேப் சாய்வதோடு, கட்டையின் மரமும் நசுங்கும். வைஸின் தாடைகளுக்கு இடையே செப்புத் தகட்டையோ மென்மையான மரத்துண்டையோ வைத்துக்கொண்டால் கட்டியில் பல்தடம் விழாது.

அடுத்ததாக, கையில் இருக்கும் ஸ்க்ரூ உண்மையிலேயே 6 மில்லிமீட்டர் மெட்ரிக் ஸ்க்ரூதானா என்று பாருங்கள். எம்6 ஸ்க்ரூவின் வெளிவிட்டம் வெர்னியரில் 6 மில்லிமீட்டருக்கு ஒரு நூலிழை குறைவாகக் காட்டும். அடுத்தடுத்த பத்து மரைகளின் நீளம் 10 மில்லிமீட்டர் இருக்கும். கால் அங்குல ஸ்க்ரூவாக இருந்தால் விட்டம் 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 20 மரை என்ற கணக்கில் பத்து மரைகளின் நீளம் 12.7 மில்லிமீட்டர் வரும். பிட்ச்சை, அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அளக்கும் கேஜ் இல்லாவிட்டாலும் எஃகு ஸ்கேல் ஒன்று இதற்குப் போதும். நன்றாக அறிந்த ஒரு எம்6 போல்ட்டை உங்கள் ஸ்க்ரூவோடு பக்கவாட்டில் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அதைவிட விரைவான வழி. பற்கள் முழு நீளத்துக்கும் ஒன்றுக்குள் ஒன்று படிந்து இடையே வெளிச்சம் தெரியாமல் இருந்தால் இரண்டும் ஒரே பிட்ச் கொண்டவை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அங்குல மரை போட்ட கால் அங்குலத் துளைக்குள் எம்6 ஸ்க்ரூ சற்றே ஆட்டத்தோடு நுழைந்து, இரண்டு மூன்று சுற்றில் இறுகிவிடும். அதாவது உங்கள் முதல் துளை காட்டுகிற அதே அறிகுறியைத்தான் காட்டும். அப்படி இருந்தால் அந்தத் துளையில் எம்6 டேப்பைச் செலுத்துவது இருக்கிற மரையையும் அழித்துவிடும்; சரியான கால் அங்குல ஸ்க்ரூவை வாங்கிப் போடுவதோடு வேலை முடிந்துவிடும். சிறிய அளவுகளில் ஏமாற்றம் இன்னும் அதிகம். எம்5 ஸ்க்ரூவின் பிட்ச் 0.8 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 32 மரை உள்ள பத்தாம் எண் ஸ்க்ரூவின் பிட்ச் 0.794 மில்லிமீட்டர், விட்டம் 4.83 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கருவிகளில் காணப்படும் 2 பி.ஏ. ஸ்க்ரூ 4.7 மில்லிமீட்டர் விட்டமும் 0.81 பிட்ச்சும் கொண்டது. எம்5 துளைக்குள் மற்ற இரண்டும் தளர்வாக ஏறிவிடும். ஏறிவிடுவதாலேயே சரியானது என்று நினைத்து இறுக்கிவிடுகிறோம்.

ஸ்க்ரூ எம்6தான் என்பது உறுதியான பிறகு, முதல் துளை எந்த ஆழம்வரை மரை பெற்றிருக்கிறது என்று பாருங்கள். துளை மறுபக்கம் திறந்ததா, அடி மூடியதா என்பது இங்கே முக்கியம். டேப் செட்டில் மூன்று டேப்புகள் இருக்கும். முதல் டேப்பின் நுனி நீளமாகச் சரிந்திருக்கும். இரண்டாவதில் சரிவு குறைவு. மூன்றாவதில் ஏறக்குறைய நுனிவரை முழுப் பல் இருக்கும். அடி மூடிய துளையில் முதல் டேப்பை மட்டும் போட்டு அவசரமாக அனுப்பிவிட்டால், வாயருகே சில சுற்றுகள் மட்டுமே முழு ஆழமுள்ள மரையாக அமையும். அதற்குக் கீழே பல் வரவரக் குட்டையாகிவிடும். உங்கள் ஸ்க்ரூ நின்றுவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். துளைக்குள் டார்ச் வெளிச்சம் அடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் பற்களின் முகடு அடிப்பக்கம் போகப்போகக் கூர்மை இழந்து தட்டையாக இருப்பது தெரியும்.

மூன்றாவதாக, சாய்வைச் சோதியுங்கள். ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். பிறகு கால் வட்டம் தள்ளி, மறு திசையிலிருந்தும் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முன்னும் பின்னும் நேராக இருக்கும் ஸ்க்ரூ பக்கவாட்டில் சாய்ந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

சாய்வு இல்லை, மரைதான் முழுமை பெறவில்லை என்றால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். துளையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சீவல்களை வெளியேற்றுங்கள். சில சமயம் இதற்குமேல் ஒன்றும் செய்யத் தேவையிருக்காது. அதற்குப் பிறகும் இறுகினால் இரண்டாம் டேப்பை எடுத்து, டேப் ரெஞ்சில் மாட்டாமல் விரல்களாலேயே துளையின் வாயில் நிறுத்தி, முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் டேப் சிறிதளவு கீழே இறங்குவதை விரல் உணரும். பழைய மரை தொடங்கும் இடம் அதுதான். அந்த இடத்திலிருந்து வலப்பக்கமாகச் சுழற்றினால் டேப் பழைய தடத்திலேயே செல்லும். இந்த ஒரு செய்கையைத் தவறவிட்டால் பழைய மரைக்குக் குறுக்கே புதிய மரை வெட்டப்பட்டு இரண்டும் கெட்டுவிடும். ஆகவே டேப் இறங்குவதை விரல் உணரும்வரை பொறுமையாக இருங்கள். எத்தனை முறை சுழற்றினாலும் இடப்பக்கச் சுழற்சியால் கேடில்லை.

இரண்டு சுற்று விரலாலேயே சென்ற பிறகு டேப் ரெஞ்சை மாட்டுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயே நல்ல வெட்டு எண்ணெய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று சென்றால் சீவல் ஒடிந்து டேப்பின் பள்ளத்தில் விழும். அடி மூடிய துளையில் மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுவதும் வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அடியைத் தொட்டதும் கை உணரும். அதற்குமேல் ஒரு துளிகூட வற்புறுத்தக்கூடாது. கடினப்படுத்திய எஃகால் ஆன டேப் வளையாது, ஒடியும். ஒடிந்த துண்டைச் சாதாரண ட்ரில்லால் வெளியேற்ற முடியாது. பிறகு மூன்றாம் டேப்பால் அடிவரை முடித்துவிடுங்கள். டேப் கிடைக்காத இடத்தில், நல்ல எஃகு எம்6 போல்ட்டின் மரைமீது நீளவாட்டில் முக்கோண அரத்தால் மூன்று பள்ளம் ராவி, அதையே மரை துப்புரவாக்கும் கருவியாகப் பயன்படுத்தலாம். பிசிறையும் பெயிண்ட்டையும் அது எடுத்துவிடும். புதிதாக மரை வெட்டும் வலிமை அதற்குக் கிடையாது.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. அலுமினியத்தில் எம்6 ஸ்க்ரூவுக்கு 9 முதல் 12 மில்லிமீட்டர் முழு மரை இருந்தால் பட் பிளேட்டுக்கு வேண்டிய பிடிப்பு கிடைத்துவிடும். துளையின் வாயிலிருந்து அந்த அளவு நல்ல மரை ஏற்கெனவே இருந்து, ஸ்க்ரூ அதற்குமேல் நீளமாக இருப்பதால் மட்டுமே அடியில் இடித்து நிற்கிறது என்றால், துளையைத் தொடாமல் ஸ்க்ரூவைக் குறைத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு நட்டை அதில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஹேக்ஸாவால் அறுத்து, முனையை அரத்தால் சரித்துவிட்டு நட்டைக் கழற்றினால், வெட்டிய முனையின் மரையை நட்டே நேராக்கிவிடும். ஆனால் இரண்டு மூன்று சுற்றோடு நிற்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் உங்கள் துளைக்கு இது பொருந்தாது.

துளையே சாய்ந்திருந்தால் நிலைமை வேறு. சாய்ந்த மரைக்குள் டேப்பை நேராக நிறுத்தி வற்புறுத்தினால் ஒரு பக்கத்துப் பல் முழுவதும் சீவப்பட்டு, முதல் துளையும் இரண்டாம் துளையின் கதியை அடையும். அதற்குரிய தீர்வும் இரண்டாம் துளைக்குரிய தீர்வும் ஒன்றே என்பதால் இனி இரண்டாம் துளைக்கு வருகிறேன்.

எம்6 மரைக்கு முன்துளை, அதாவது மரை வெட்டுமுன் ட்ரில்லால் போடும் துளை, 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் முன்துளை அளவு கிடைக்கும் என்பது மெட்ரிக் மரைகளுக்கு எப்போதும் கைகொடுக்கும் கணக்கு, எம்5க்கு 4.2, எம்8க்கு ஏறத்தாழ 6.8 என்று வரும். 5 மில்லிமீட்டர் முன்துளையில் மரையின் உயரம் முழுமையில் 77 விழுக்காடு அமைகிறது. அதுவே நடைமுறையில் போதுமான அளவு. முன்துளையை 5.5 மில்லிமீட்டர் போட்டிருந்தால் அது 38 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஸ்க்ரூ கடைசிவரை எளிதாக ஏறும். இறுக்கினால் பற்களின் நுனி மட்டுமே தாங்குவதால் நழுவிவிடும். உங்கள் துளையை நீங்களே சோதிக்கலாம். 5.5 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். அது உள்ளே சென்றால் முன்துளை பெரிதாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது மரை ஏற்கெனவே உரிந்துவிட்டது. எப்படியாயினும் டேப்பால் அதைச் சரிசெய்ய முடியாது; இல்லாத உலோகத்தில் மரை வெட்ட இயலாது.

இதற்குச் சரியான தீர்வு ஹெலிகாயில் என்று பட்டறைகளில் வழங்கும் சுருள் மரை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சாய்சதுர வெட்டுமுகத்தோடு சுருட்டிச் செய்த அந்தச் சுருளின் வெளிப்பக்கம் கட்டியில் வெட்டிய பெரிய மரையில் அமர்ந்துகொள்ளும். உட்பக்கம் அசல் எம்6 மரையாக இருக்கும். ஆகவே ஸ்க்ரூவையும் மாற்ற வேண்டாம், பட் பிளேட்டையும் ராவ வேண்டாம். எம்6 சுருளுக்கு முன்துளை ஏறத்தாழ 6.3 மில்லிமீட்டர், அதற்கென்றே உள்ள தனி டேப் செட்டோடு வரும். சாதாரண டேப் இதற்கு உதவாது. சுருளை அதன் கருவியால் ஏற்றி, கட்டியின் மேற்பரப்புக்குக் கால் சுற்று முதல் அரைச் சுற்றுவரை கீழே நிறுத்தி, அடியிலுள்ள வாலை ஒடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். அடிக்கடி ஸ்க்ரூவைத் தளர்த்தி இறுக்கும் இடத்தில் வெறும் அலுமினிய மரையைவிட இது நெடுநாள் உழைக்கும். உங்கள் மகள் பட் பிளேட்டின் உயரத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், நல்ல நிலையில் உள்ள துளைக்கும்கூட இதைப் பரிந்துரைப்பேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: 6.3 மில்லிமீட்டர் துளையைக் கை ட்ரில்லால் போடாதீர்கள். எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும், ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்கும்போது ட்ரில் பழைய துளையின் சாய்வையே பின்பற்றிச் செல்லும். அலுமினியத்தில் சட்டென்று கவ்வி இழுக்கவும் செய்யும். நிலையான ட்ரில்லிங் மெஷின் உள்ள பட்டறைக்குக் கட்டியைக் கொண்டுபோய், அதன் முகத்தை மேசையோடு மட்டமாக வைத்துப் பிடித்து அந்தத் துளையை மட்டும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இதைச் செய்துதரக்கூடிய லேத் பட்டறைகள் இருக்கின்றன. அலுமினியக் கட்டியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டேப் போடுவதை வீட்டில் செய்துகொள்ளலாம். கடினமான மரத்துண்டு ஒன்றில் அதே மெஷினில் டேப்பின் மரைப்பகுதி நுழையும் அளவுக்கு நேரான துளை போட்டு வாங்கி வந்து, அதைக் கட்டியின்மேல் வைத்து அதன் வழியாக டேப்பை இறக்கினால் சாய்வதற்கு இடமே இருக்காது.

துளை மறுபக்கம் திறந்ததாக இருந்து, அங்கே இடமும் இருந்தால், மரையையே நம்பாமல் பின்புறம் ஒரு நட்டை வைத்து முடுக்குவதும் நேர்மையான தீர்வுதான். அரால்டைட் என்ற எபாக்சி பசையை நிரப்பி, கிரீஸ் தடவிய ஸ்க்ரூவை அதில் நிறுத்தி மரை உண்டாக்கும் முறையைச் சிலர் செய்கிறார்கள். சுமை இல்லாத மூடிக்கு அது போதும். தோளில் பதிந்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய பாகத்துக்கு அதை நான் ஏற்கமாட்டேன். கட்டியையே பித்தளையில் செய்தால் என்ன என்றும் தோன்றலாம். பித்தளை அலுமினியத்தைப் போல் மூன்று மடங்கு எடையுள்ளது. பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்குப் போட்டி விதிகளில் 5.5 கிலோ என்ற எல்லை இருப்பதோடு, பின்பக்கம் கனத்தால் உங்கள் மகள் பழகிய சமநிலையும் மாறிவிடும்.

எஃகு ஸ்க்ரூவை அலுமினியத்தில் பூட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவுங்கள். வியர்வை உப்பு சேரும்போது இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு உண்டாகி, அலுமினியம் வெண்பொடியாகப் பூத்து ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்க, நம் ஊர்ப் பிள்ளையின் ரைபிளில் அந்தக் குறை வரவே கூடாது என்று விரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் ஏர் ரைபிளின் மரக்கட்டையில் பட் பிளேட்டைப் பிடிக்கும் திருகாணிகளின் துளைகள் தேய்ந்துவிட்டன. ஒரு துளையில் பதித்திருந்த பித்தளை மரைக்குழலும் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுழல்கிறது. தீக்குச்சிகளைத் திணித்து இறுக்கிப் பார்த்தோம், நிற்கவில்லை.
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: பட் பிளேட்டின் திருகாணிகள் மரத்தின் நாரோட்டத்துக்கு இணையாக, வெட்டுமுகத்துக்குள் செல்கின்றன. அந்தத் திசையில் திருகாணியின் பல் நார்களைக் குறுக்கே கவ்வாமல் அவற்றைத் துண்டுதுண்டாக அறுத்துவிடுவதால் பிடிப்பு எப்போதும் குறைவு. தீக்குச்சியின் நாரும் அதே திசையில் ஓடுவதால் அது நிற்காததில் வியப்பில்லை.

தேய்ந்த துளையை 10 மில்லிமீட்டர் அளவுக்குத் துப்புரவாகப் பெரிதாக்கி, அதில் பொருந்தும் மரமுளை ஒன்றை ஒட்டுங்கள். ஆனால் அந்த முளையின் நார் அதன் நீளத்துக்குக் குறுக்காக ஓடுமாறு, பலகையின் முகத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அப்போது திருகாணி பக்க நாரைக் கவ்வும், பிடிப்பு மிகுதியாகும். உங்கள் பக்கத்தில் பழைய வீடுகளைப் பிரித்த பர்மாத் தேக்குத் துண்டுகள் எளிதில் கிடைக்கும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும் அவற்றைப் பார்க்கலாம். இந்த முளைக்கு அது அருமையான மரம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை மேலோடு நின்று பின்னர் உரிந்துவரும். அரால்டைட்டின் இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு எடுத்து நன்றாகக் கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் விடுங்கள். விரைவாக இறுகும் வகையைவிட மெதுவாக இறுகும் வகையே மரத்துக்குள் ஊறிப் பிடிக்கும். இறுகிய பின் 4 மில்லிமீட்டர் திருகாணிக்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் முன்துளை போட்டு, திருகாணியில் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள். முன்துளை இல்லாமல் ஏற்றினால் முளை பிளந்துவிடும்.

சுழலும் பித்தளைக் குழலை வெளியே எடுத்து, அதன் வெளிப்பக்கத்தை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அரால்டைட் பூசித் திரும்பப் பதித்தால் போதும். பசை உள்மரையில் ஏறாமலிருக்க, கிரீஸ் தடவிய ஸ்க்ரூ ஒன்றைக் குழலுக்குள் முழுவதும் ஏற்றிவைத்துக்கொண்டு பதியுங்கள். பசை இறுகிய பிறகு ஸ்க்ரூவை எடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டையா காலத்து ரைபிள் ஒன்று உரிமத்தோடு இருக்கிறது. கட்டையையும் குழாயையும் இணைக்கும் திருகாணிகளில் ஒன்றின் மரை போய்விட்டது. நீங்கள் சொல்லும் முறைகளால் வீட்டிலேயே சரிசெய்யலாமா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: கூடாது, அம்மா. மேலே சொன்னவை உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிளுக்கு மட்டுமே பொருந்தும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் முகப்பு ஆற்றல் (குண்டு குழாயின் வாயை விட்டு வெளியேறும்போது உள்ள ஆற்றல்) 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிள்களுக்கே அந்த விலக்கு உண்டு. வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். ஆகவே துப்பாக்கியையும் உங்கள் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் செல்ல வேண்டும். உரிமம் காலமான பெரியவரின் பெயரிலேயே இன்னும் இருக்குமானால், பழுதைப் பற்றி யோசிப்பதற்கு முன் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல இது. அந்தத் திருகாணிகள்தாம் ஒவ்வொரு வெடிப்பின் பின்னுதைப்பையும் குழாயிலிருந்து கட்டைக்குக் கடத்தும்போது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. பழைய ரைபிள்களில் அவற்றின் மரை கடையில் கிடைக்கும் எந்த டேப்புக்கும் பொருந்தாமலும் இருக்கலாம். எடுத்துக்காட்டாக, மௌசர் 98 வகை ரைபிளின் அந்தத் திருகாணி கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 22 மரையும் கொண்டது. நம் கடைகளில் கிடைக்கும் கால் அங்குல டேப்புகள் 20, 26, 28 என்ற கணக்கில் இருப்பவை. அவற்றில் எதைச் செலுத்தினாலும் துப்பாக்கியின் அசல் மரை அழிந்துவிடும். பழுதுபார்ப்பவரிடமும் திருகாணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். குழாய்ப் பக்கத்து மரையை அளந்து பார்க்காமல் அதில் டேப் போட அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: சுருள்வில் ஏர் ரைபிளில் கட்டையின் முன்பக்கத் திருகுகள் சில நாள் பயிற்சியிலேயே தளர்ந்துவிடுகின்றன. மரை கெட்டுவிட்டதா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பெரும்பாலும் இல்லை. சுருள்வில் ரைபிளில் பிஸ்டன் பாய்ந்து நிற்கும்போது அதிர்வு முன்னும் பின்னும் இரு திசைகளில் எழுவதால் நல்ல மரையும் தளரும். திருகுகளைக் கழற்றி, திருகையும் துளையையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, நீல நிறத்தில் வரும் நடுத்தர வலிமை மரைப்பசையை ஒரு சொட்டு மட்டும் இட்டு முடுக்குங்கள். லாக்டைட் 243 அந்த வகையைச் சேர்ந்தது. சிவப்பு நிற வகை வேண்டாம். அதைப் பின்னர் கழற்றச் சூடுகாட்ட வேண்டியிருக்கும், மரக்கட்டையின் அருகில் சூடு ஆகாது. மரைப்பசை மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகின் தலைக்கு அடியில் உள்ள கிண்ண வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்திருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. சற்று அகலமான வாஷராக மாற்றிவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திருகு முடுக்குப்படாமல் சுழன்றுகொண்டே இருந்தால் மரை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த மரை சுருள்வில் இருக்கும் உருளையோடு சேர்ந்த பாகத்தில் இருப்பதால், அங்கே நீங்களாக ட்ரில் போட வேண்டாம். உருளையைப் பிரிக்கவும் வேண்டாம். உள்ளே வில் அழுத்தத்தோடு இருக்கிறது; அதைப் பிரிப்பதற்கென்று வில் அழுத்தி உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.